"நீலி யாரும்மா?" – கதைமாந்தரை மறுபடி வாசித்தல்

கலைத் திருவிழாவுக்காக ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாடகம் தயாரித்துக்கொண்டிருந்தோம். ஒத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வசனம் எழுதி வைத்திருந்த லாங் சைஸ் நோட்டு காணாமல் போனது. வேறு பிரதி இல்லை. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவள் பின்வரிசை மாணவி ஒருத்தி. முந்தின வாரம்தான் அவளை ஒரு வேடத்திலிருந்து எடுத்துவிட்டு வேறொருத்தியைப் போட்டிருந்தேன். எனக்குக் கணக்கு நேராகிவிட்டது. எழுப்பி நிற்கவைத்துக் கேட்டேன். "நான் பெஞ்சு மேலயே வச்சுட்டேம்மா" என்று சொல்லி அழத் தொடங்கினாள். வகுப்பு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, "நீலிக் கண்ணீர் வடிக்காதே" என்றேன்.

அழுகை சட்டென்று நின்றது. அதன் பிறகு என் பாடவேளைகளில் அவள் வாயே திறக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து நல்ல மழை. எங்கள் அறைச் சுவர் ஓதம் காத்துவிட்டது. புத்தகங்கள் நனையாமலிருக்க இரும்பு பீரோவை நகர்த்தினோம். பின்னால் சுவருக்கும் பீரோவுக்கும் இடையில் நோட்டு இருந்தது. அன்று மாலை வகுப்புத் தலைவன் தனியாக வந்து நின்றான். தொலைந்த நாளில் என்னோடு சேர்ந்து பெஞ்சு பெஞ்சாகத் தேடியவன் அவன்தான். "நான்தாம்மா போட்டேன்" என்றான். நாடகத்தில் பெரிய வசனம் அவனுக்கு. மனப்பாடம் ஆகவில்லை. "நீ செஞ்சுடுவடா" என்று நான் எல்லார் முன்னாலும் சொல்லிக்கொண்டே இருந்ததால், முடியவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நோட்டு இல்லாவிட்டால் நாடகம் நின்றுவிடும் என்று நினைத்திருக்கிறான்.

மறுநாள் அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். பழி சொன்னது வகுப்பின் முன்னால் என்பதால் மன்னிப்பும் அங்கேயே கேட்பதுதான் முறை. யார் எடுத்தது என்று பிள்ளைகள் கேட்டார்கள், சொல்லவில்லை. தனியாக வந்து ஒப்புக்கொண்டவனின் பெயர் தனியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் மட்டும் வேறொரு கேள்வி கேட்டாள்: "நீலி யாரும்மா? அவ நெஜமாவே பொய்யாதான் அழுதாளா?"

இருபது ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். மரபுத்தொடர் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டுப் பொருள் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. தேடிப் படித்தபோது கிடைத்ததையும், அதை வகுப்பறையில் பயன்படுத்திய விதத்தையும் ஆசிரிய நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

நம் ரயில் தடத்திலேயே ஒரு கதை

அம்பத்தூர் நிலையத்தில் அரக்கோணம் வண்டியில் ஏறினால் ஆவடி, திருநின்றவூர், திருவள்ளூர், கடம்பத்தூர், மணவூர் தாண்டித் திருவாலங்காடு வரும். அதன் அருகிலுள்ளது பழையனூர். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகள், இந்தப் பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியைத்தான் பதிவு செய்கின்றன. நீலி இந்த ஊர்க்காரி. எங்கள் மாணவர்கள் பலரின் சொந்தபந்தம் இந்தத் தடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் வகுப்பில் ஒருவருக்கும் இந்தக் கதை தெரியவில்லை.

கதை பல வடிவங்களில் வழங்குகிறது. சிறு சிறு வேறுபாடுகளை விட்டால் கதைப்போக்கு இதுதான். காஞ்சியிலிருந்து காசிக்குப் போன ஒருவன், ஊரில் மனைவி இருப்பதை மறைத்து அங்கே ஒரு பெண்ணை மணக்கிறான். அவளை அழைத்துக்கொண்டு திரும்பும் வழியில், திருவாலங்காட்டுக் காட்டில் அவளைக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகனாகப் பிறக்கிறான். ஒரு பெண்ணால் உனக்கு ஆபத்து என்று எச்சரிக்கப்பட்டு, காவலாக ஒரு மந்திரக் கத்தியோடு திரிகிறான். கொல்லப்பட்டவள் நீலி என்னும் பேயாகி அவனைத் தேடுகிறாள். கத்தி இருக்கும்வரை நெருங்க முடியவில்லை. ஆகவே அவன் மனைவியின் உருவெடுக்கிறாள். கள்ளிக்கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பழையனூர்ச் சபையில் போய் நின்று, "என் கணவர் என்னையும் பிள்ளையையும் கைவிட்டார்" என்று அழுகிறாள்.

சபையில் வேளாளப் பெரியவர்கள் எழுபது பேர். வணிகன், "இவள் என் மனைவி இல்லை, பேய்" என்று கதறுகிறான். குழந்தையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். அது நேராக அவனிடம் ஓடுகிறது. அதுவே சாட்சி என்று முடிவுசெய்து, கத்தியை வாங்கி வைத்துக்கொண்டு, அன்றிரவு இருவரையும் ஒரே வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். "உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரையும் தருகிறோம்" என்கிறார்கள். விடிந்தபோது வணிகன் இறந்துகிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். அவர்களது நினைவிடம் திருவாலங்காட்டின் அருகே இன்றும் இருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு பையன், "இது அப்படியே சீரியலும்மா" என்றான். உண்மைதான். குடும்பத்துக்குள் ஒரு துரோகம், முற்பிறவிப் பகை, உருமாறி வரும் பெண், யாருமே நம்பாத ஒருவன் என எல்லாம் இதில் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் 'நீலி' என்ற பெயரிலேயே ஒரு தொடர் வந்தது. 2017இல் சன் தொலைக்காட்சியின் 'நந்தினி', அதற்கு முன் இந்தியிலிருந்து வந்த 'நாகினி' ஆகியவற்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்த பிள்ளைகள்தான் நம் முன்னால் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதைமொழி நம்மைவிட நன்றாகத் தெரியும்.

யார் சொன்னது பொய்?

"நீலி அழுதது பொய்யா?" என்ற கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். முதலில் எல்லாரும் "ஆமாம்" என்றார்கள். பிறகு ஒவ்வொரு வாக்கியமாகப் பிரித்துப் பார்த்தோம்.

"இவர் என் கணவர்." இந்தப் பிறவியில் பொய், முற்பிறவியில் உண்மை. "என்னைக் கைவிட்டார்." கைவிட்டது மட்டுமில்லை, கொன்றே போட்டான். ஆகவே அதுவும் ஒருவகையில் உண்மை. "இது எங்கள் குழந்தை." இது முழுப் பொய். வணிகன் சொன்ன "இவள் என் மனைவி இல்லை" என்பதும் உண்மை. ஆக இரண்டு பேரும் உண்மை பேசியிருக்கிறார்கள். சபைக்கு முன்னால் இருந்தது இந்தப் பிறவி மட்டும். முன்கதை அவர்களுக்குத் தெரியாது. சாட்சியாகக் கிடைத்ததோ ஒரு கள்ளிக்கொம்பு.

மாயக்கதைகளில் ஒரு பாத்திரம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதற்கு இந்த மூன்றுமே அடிப்படை. ஒன்று, உருவம் வேறு, உள்ளது வேறு. இரண்டு, முன்கதை மறைக்கப்பட்டிருக்கிறது. மூன்று, கதை யார் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பது. மூன்றாவதுதான் மிக முக்கியமானது. அதற்கும் நீலி கதையே நல்ல எடுத்துக்காட்டு.

ஒரே நீலி, மூன்று பக்கம்

திருஞானசம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இந்த நிகழ்ச்சியைச் சுட்டுகிறார். உமாபதி சிவாசாரியார் தம் சேக்கிழார் புராணத்தில் எழுபது பேரையும் போற்றுகிறார். இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால், சொன்ன சொல்லுக்காக உயிர் கொடுத்த பெரியவர்களே கதைத்தலைவர்கள். நீலி வஞ்சகி.

மக்கள் பேச்சு வழக்கிலோ அவளுடைய கண்ணீர் மட்டும் மிஞ்சி ஒரு மரபுத்தொடராகிவிட்டது. அவளைக் கொன்றவனைப் பற்றி ஒரு தொடர்கூட இல்லை.

மூன்றாவது பக்கம்தான் எனக்கு வியப்பைத் தந்தது. ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியை நாம் 'சமணக் காப்பியம், ஆசிரியர் பெயர் தெரியவில்லை' என்று ஒரு மதிப்பெண் வினாவோடு கடந்துவிடுகிறோம். அதன் தலைவி இதே பழையனூர் நீலிதான்! பாஞ்சால நாட்டில் காளிக்கு உயிர்ப்பலி கொடுக்க வந்தவர்களிடம், முனிச்சந்திரர் என்னும் சமண முனிவர், மண்ணால் செய்த உருவங்களைப் படைத்தால் போதும் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார். பலி நின்றுபோன காளி, முனிவரை விரட்டத் தெற்கேயிருந்து நீலியின் உதவியை நாடுகிறாள். நீலி வந்து மிரட்டிப் பார்க்கிறாள், நடக்கவில்லை. அரசகுமாரியின் உருவில் வந்து மயக்கப் பார்க்கிறாள். முனிவர் அவள் யார் என்று கண்டுகொள்கிறார். ஆனால் விரட்டவில்லை, பேசுகிறார். நீலி கேட்கிறாள், மாறுகிறாள், நீலகேசியாகி ஊர் ஊராகச் சென்று பிற சமய அறிஞர்களோடு வாதம் செய்கிறாள்.

பழையனூரிலும் பாஞ்சாலத்திலும் நீலி செய்தது ஒன்றுதான், உருமாறி வந்தாள். ஓரிடத்தில் எழுபது பேர் ஏமாந்தார்கள். இன்னோரிடத்தில் ஒருவர் ஏமாறவுமில்லை, அவளை ஒதுக்கவுமில்லை. ஊரே பேய் என்று ஒதுக்கிய ஒருத்தியைத் தருக்கம் பேசும் தலைவியாக்கிய அந்தப் பெயர் தெரியாத புலவரின் துணிச்சலை மாணவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும். நீலகேசி முதலில் வாதிட்டு வெல்வது குண்டலகேசியை. பௌத்தக் காப்பியமான குண்டலகேசியின் தலைவி பத்திரை, கொலைக்களத்துக்குப் போகவிருந்த கள்வன் மீது காதல் கொண்டு மணக்கிறாள். அவனோ ஒரு நாள் அவளைக் கொல்வதற்காகவே மலையுச்சிக்கு அழைத்துப் போகிறான். அங்கே வில்லன் வீட்டுக்குள்ளேயே இருந்தான்.

இதே திருவாலங்காட்டுக்கு உரியவர் காரைக்கால் அம்மையார். தாமே வேண்டிப் பேயுருவம் பெற்றவர். அந்த உருவைக் கண்டு அஞ்சி ஓடியவர்களைப் பெரியபுராணம் காட்டுகிறது. அம்மையார் தலையால் நடந்த தலம் என்பதால் அங்கே காலால் மிதிக்கச் சம்பந்தர் தயங்கினார் என்றும் அதே நூல் சொல்கிறது. ஒரே ஊரைச் சுற்றி இரண்டு பேயுருவங்கள். ஒன்றுக்குக் கோயில், ஒன்றுக்குப் பழமொழி. மாணவர்களிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

மறைந்திருக்கும் வில்லன் இரண்டு வகை

இனி மறுபக்கம். நல்லவர்போல் நடமாடும் வில்லனைக் கதைகள் இரண்டு வகையாகக் கையாளுகின்றன.

முதல் வகையில், நமக்குத் தெரியும், கதைமாந்தருக்குத் தெரியாது. சிலப்பதிகாரப் பொற்கொல்லன் இந்த வகை. அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான் என்று இளங்கோ நமக்கு முன்பே சொல்லிவிடுகிறார். சிலம்பு விற்க வந்த கோவலனைப் பார்த்ததும், தன் பழியை இறக்கிவைக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டான் என்று அவன் முடிவுசெய்கிறான். அரசனோ அரசியின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இருக்கிறான், விசாரிக்கவில்லை. நாம் வேகமாகக் கடந்துவிடும் ஓர் இடம் இதில் உண்டு. கொல்லப்போன காவலர்களே கோவலனைப் பார்த்துவிட்டு, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். உடனே பொற்கொல்லன், கள்வர்கள் மந்திரம், மருந்து, நிமித்தம் என எட்டு வழிகளைக் கையாளுவார்கள் என்று ஒரு நூலறிவுச் சொற்பொழிவே நிகழ்த்துகிறான். குற்றவாளியே நிபுணராகிவிடுகிறான். தயங்கியவர்கள் தயங்கிக்கொண்டிருக்க, கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இரண்டாம் வகையில் நமக்கும் தெரியாது. தொண்ணூறுகளின் இறுதியில் வந்த மர்மதேசத்தின் 'விடாது கருப்பு' தொடரை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊரே கருப்பசாமியின் தண்டனை என்று நம்பிய மரணங்களுக்குப் பின்னால் இருந்தது மனிதக் கை. கடைசிவரை நாமும் ஊரோடு சேர்ந்து ஏமாந்தோம். முதல் வகைக் கதை நமக்குப் பதற்றம் தருகிறது. இரண்டாம் வகை, நாமும் தவறக்கூடியவர்கள்தான் என்று காட்டுகிறது.

இரண்டுக்கும் நடுவில் கைகேயி. கம்பனின் கைகேயி, இராமனுக்கு முடிசூட்டு என்று கேட்டதும் மகிழ்ந்து, செய்தி சொன்ன கூனிக்கு மாலையைப் பரிசளிக்கிறாள். பிறகுதான் கூனியின் சொல் அவள் மனத்தைத் திருப்புகிறது. அந்த மாலையைக் காட்டாமல் கைகேயியைப் பாடம் நடத்தினால் அவள் பிறவி வில்லி ஆகிவிடுவாள்.

இந்த இடத்தில் ஒரு மாணவன் சொன்னான்: "சீரியல்ல மியூசிக் போட்டே வில்லின்னு சொல்லிடுவாங்கம்மா." பக்கத்திலிருந்தவள் கேட்டாள்: "நம்ம கிளாஸ்ல மியூசிக் வராதே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?" நான் நான்கு பாடவேளை நடத்தியதன் சாரம் அந்தக் கேள்வியில் இருந்தது.

வகுப்பறையில் செய்து பார்க்க

இரண்டு பாடவேளை போதும். செலவு ஒன்றுமில்லை.

1. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கதைமாந்தரைக் கொடுங்கள். நீலி, கோவலன், பொற்கொல்லன், கைகேயி, கூனி ஆகியோரோடு, மாணவர்கள் பார்க்கும் தொடரிலிருந்து ஒருவரையும் அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். தொடர் பார்ப்பதைக் குறை சொல்லித் தொடங்க வேண்டாம்.

2. தாளில் மூன்று கட்டம் போடச் சொல்லுங்கள். முதல் கட்டத்தில் 'இவர் செய்தது'. இரண்டாம் கட்டத்தில் 'இவரைப் பற்றி மற்றவர் சொன்னது'. மூன்றாம் கட்டத்தில் 'நமக்குத் தெரியாதது'. பெரும்பாலான பிள்ளைகள் இரண்டாம் கட்டத்தில் வர வேண்டியதை முதல் கட்டத்தில் எழுதுவார்கள். 'கெட்டவள்', 'திமிர் பிடித்தவன்' என்பவை செயல்கள் அல்ல. அதைத் திருத்துவதே பாடத்தின் பாதி.

3. அந்தக் கதைமாந்தர் தம் பக்கத்தைத் தன்மையில் பேசுவதுபோல் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். 'நான்' என்று எழுதத் தொடங்கியதும் பிள்ளைகளின் மொழி மாறுவதைக் காணலாம்.

4. இறுதியாக, தீர்ப்புச் சொன்னவரைப் பற்றிப் பேசுங்கள். பாண்டியனும் பழையனூர்ச் சபையும் எங்கே தவறினார்கள், எந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்? திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தை இதையொட்டி நடத்தினால் நன்றாகப் பதிகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். பேய்க்கதை என்பதால் சில பிள்ளைகள் பயப்படலாம். இது வழிவழியாக வரும் கதை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, எந்தக் காரணத்துக்காகவும் வகுப்பில் நடந்த நிகழ்ச்சியை அந்த மூன்று கட்டத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். கதைமாந்தரை அலசலாம், கூடப் படிக்கும் பிள்ளையை அலசக் கூடாது. எங்கள் வகுப்பில் ஒருவன் நோட்டு விவகாரத்தை இழுக்கப் பார்த்தான். அங்கேயே நிறுத்திவிட்டேன்.

எனக்குக் கிடைத்தது

வீட்டில் உட்கார்ந்து அந்த மூன்று கட்டத்தை நானே போட்டுப் பார்த்தேன். அந்த மாணவி செய்தது: நோட்டைப் பெஞ்சில் வைத்தாள். மற்றவர் சொன்னது: கடைசியாக அவள் கையில் பார்த்தோம். தெரியாதது: அதற்குப் பிறகு நடந்த எல்லாமே. நான் மூன்றாம் கட்டத்தை ஊகத்தால் நிரப்பியிருந்தேன். வேடம் போன கோபம் என்ற முன்கதையை நானே எழுதி, அவள் தலையில் வைத்தேன். அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்ததும், அவன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததும்கூட என் கணக்கில் சேர்ந்திருக்கின்றன.

வகுப்புத் தலைவனையும் வில்லன் என்று எழுத என்னால் முடியவில்லை. அவன் செய்தது தவறு. இன்னொருத்தி பழி சுமப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருந்தது அதைவிடப் பெரிய தவறு. அதை அவனிடம் சொன்னேன். அவனும் பிறகு அவளிடம் தானாகவே போய்ப் பேசினான். ஆனால் 'முடியாது' என்று ஒரு பிள்ளை சொல்ல முடியாத நிலையை உண்டாக்கியதில் என் பங்கும் இருந்தது. இப்போது பெரிய வேடம் கொடுக்கும்போது, "கஷ்டமா இருந்தா வந்து சொல்லுப்பா, மாத்திக்கலாம்" என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அந்த ஆண்டு வசனத்தை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்துத்தான் நாடகத்தை மேடையேற்றினோம்.

குழுச் செயல்பாட்டில் அந்த மாணவிக்கு வந்தது நீலி அல்ல. எழுபது பேர் கொண்ட சபை. மூன்றாம் கட்டத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தாள்: "ஒரு நாள் பொறுத்திருந்தால் தெரிந்திருக்கும்." சபையைப் பற்றித்தான் எழுதியிருந்தாள். தாளைத் திருத்திக் கையெழுத்துப் போடும்போது பேனா சற்று நின்றது.

அவள் இப்போது வகுப்பில் பேசுகிறாள். முன்புபோல் சட்டென்று அல்ல, யோசித்துப் பேசுகிறாள். 'நீலிக் கண்ணீர்' என்ற தொடரை இப்போதும் மரபுத்தொடர்ப் பாடத்தில் நடத்துகிறேன். கூடவே பழையனூர்க் கதையையும் நீலகேசியையும் சொல்கிறேன். அழுகிற பிள்ளையிடம் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை.